முழக்கத்திற்கு முன் ஒரு கணக்கு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

நம் கல்லூரியில் மன்றங்களுக்குக் குறைவில்லை. தமிழ் மன்றம் உண்டு. துறைதோறும் ஒரு மன்றம் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. செஞ்சிலுவைச் சங்கம் உண்டு. ஆண்டுக்கொரு முறை பட்டிமன்றமும் நடக்கிறது. நாட்டின் முன்னேற்றத்திற்குப் பெரிதும் வேண்டுவது கல்வியா, செல்வமா என்று இரண்டு அணியாகப் பிரிந்து பேசுகிறோம். இரண்டும் வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளிக்கிறார். கைதட்டிவிட்டுக் கலைகிறோம். மறுநாள் காலையில் அதே பேருந்துக்காக அதே இடத்தில் காத்து நிற்கிறோம். அந்தப் பேருந்து ஏன் கிடைக்கவில்லை என்று ஆராய்வதற்கு மட்டும் நம்மிடம் ஒரு மன்றம் இல்லை.

அப்படி ஒரு மன்றம் வேண்டும் என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அரசின் சட்டங்களையும் திட்டங்களையும் விதிகளையும் எடுத்து ஆராய்ந்து, எது பயன் தருகிறது, எது தரவில்லை, எதை எப்படி மாற்றலாம் என்று எழுதி வெளியிடும் அமைப்பை ஆங்கிலத்தில் 'திங்க் டேங்க்' என்கிறார்கள். டேங்க் என்றவுடன் நமக்குத் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும்! தமிழில் சிந்தனைக் குழு என்று எழுதுகிறார்கள். உட்கார்ந்து சிந்தித்தால் மட்டும் போதாது என்பதால் கொள்கை ஆய்வு மன்றம் என்று சொல்லவே நான் விரும்புகிறேன்.

இவை உலகிற்குப் புதியவை அல்ல. லண்டனில் ஃபேபியன் சங்கம் 1884-இல் தோன்றியது. இன்று வாஷிங்டனில் பெரும் பெயருடன் விளங்கும் புரூக்கிங்ஸ் நிறுவனம் 1916-இல் அரசாங்க ஆய்வுக்கான சிறு அமைப்பாகத் தொடங்கியது. நம் சென்னையில் மால்கம் ஆதிசேசய்யா அவர்கள் 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இவையெல்லாம் அறிஞர்கள் நடத்துபவை. மாணவர்களே நடத்தும் ஆய்வு மன்றங்களும் உலகில் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

அட்டை உண்டு, பேருந்து இல்லை

எனக்கு இந்த எண்ணம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டில் என் அருகில் அமர்ந்து படித்தவன் ஒருவன் இருந்தான். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன். தொகையீட்டுக் கணக்குகளை என்னைவிட வேகமாகப் போடுவான். அரசு வழங்கிய இலவசப் பயண அட்டை என்னிடமும் இருந்தது, அவனிடமும் இருந்தது. ஆனால் காலை 8 மணிப் பேருந்து எங்களுக்குப் பல நாள்கள் கிடைப்பதில்லை. அடுத்த பேருந்தில் வந்தால் முதல் பாடவேளை முடிந்திருக்கும். அரை நாள் வருகை போய்விடும். நான் மாமாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கூட்டுரோடு வரை சென்று வேறு வழிப் பேருந்தைப் பிடித்தேன். அவன் வீட்டில் சைக்கிள் இல்லை. இரண்டாம் பருவ முடிவில் அவனுடைய வருகை, வேண்டிய நூற்றுக்கு 75-க்கு வெகு கீழே இருந்தது. அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளும் எல்லைக்கும் கீழே. தேர்வெழுத அனுமதி கிடைக்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்று சொல்லிவிட்டுப் போனவன், இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

அரசின் கணக்கில் அவன் இலவசப் பயண அட்டை பெற்ற மாணவன். கல்லூரியின் கணக்கில் வருகை குறைந்த மாணவன். இரண்டு கணக்குகளும் சரியானவையே. இரண்டிற்கும் நடுவில் நடந்தது மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

நாங்கள் சும்மா இருந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். 'பேருந்தைக் குறித்த நேரத்திற்கு இயக்குக' என்று மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. ஒருநாள் சாலையில் உட்கார்ந்தோம். சமாதானம் சொல்லி எழுப்பி அனுப்பினார்கள். மறுநாள் பேருந்து நின்றது. அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி என்றாயிற்று. எங்கள் கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் கோபத்தில் செய்தி எதுவும் இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஏழு இளைஞர்கள்

கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் அமெரிக்க இளைஞர் சிலரைப் பற்றிப் படித்தேன். அதன் பின் தேடித் தேடிப் படித்தேன்.

1968-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். அப்போது ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞருடன் இளைஞர் ஏழு பேர் சேர்ந்தனர். பெரும்பாலும் சட்டம் பயின்றவர்கள். முறைகேடான வணிகத்தைத் தடுப்பதற்கென 1914-இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வணிக ஆணையம் தன் கடமையைச் செய்கிறதா என்று பார்ப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. அலுவலகத்திற்குள் சென்று கோப்புகளைக் கேட்டார்கள், அலுவலர்களைச் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள், சொன்னதை எழுதிக்கொண்டார்கள். 1969-இல் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. ஆணையம் சிறு விஷயங்களில் காலத்தைக் கழிக்கிறது, பெரிய ஏமாற்றுகளைக் கண்டுகொள்வதில்லை என்று அந்த அறிக்கை சான்றுகளோடு சொன்னது.

இருபத்து சொச்சம் வயதுப் பிள்ளைகள் எழுதியதுதானே என்று ஒதுக்கிவிட முடியவில்லை. குடியரசுத் தலைவர் நிக்சன் அந்நாட்டு வழக்கறிஞர் சங்கத்தை அழைத்து, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அனுபவம் மிக்க அந்தப் பெரியவர்களின் அறிக்கையும் அதே ஆண்டில் வந்தது. அதுவும் ஆணையத்தைக் கடுமையாகக் குறை கூறியது. அதன் பின்னரே ஆணையம் திருத்தி அமைக்கப்பட்டது.

இதில் நான் வியப்பது அவர்களுடைய துணிச்சலை அன்று. அந்தக் காலத்தில் துணிச்சல் உள்ள மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இந்த ஏழு பேர் சொன்னதைப் பெரியவர்கள் மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். சோதனையில் அது நின்றது. வியப்பிற்குரியது அதுதான்.

சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வு

விடுமுறையோடு முடிந்துவிடும் வேலையை நிலையாகச் செய்வது எப்படி? இதற்கு 1971-இல் ஆரிகன், மினசோட்டா ஆகிய மாநிலங்களின் மாணவர்கள் ஒரு வழி கண்டார்கள். பொதுநல ஆய்வுக் குழு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாணவனும் பருவக் கட்டணத்தோடு சில டாலர் சேர்த்துக் கட்டுவது. வேண்டாதவன் திரும்பப் பெற்றுக்கொள்வது. நிர்வாகக் குழு மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்படும். அக்குழு அந்தப் பணத்தில் வழக்கறிஞர்களையும் அறிவியலாளர்களையும் சம்பளத்திற்கு அமர்த்தும். மாணவர் பட்டம் பெற்றுப் போய்விட்டாலும் வேலை தொடரும்.

இவ்வகைக் குழு நியூயார்க்கில் 1973-இல் தோன்றியது. அங்கே கல்லூரி சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளின் வினாக்களும் விடைகளும் தேர்வு முடிந்த பின்னரும் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. மதிப்பெண் மட்டும் வரும். எங்கே தவறினோம் என்று மாணவன் அறிய வழியில்லை. தேர்வெழுதியவனுக்கு வினாவும் விடையும் காட்டப்பட வேண்டும் என்று இக்குழு முன்னின்று வாதாடியது. 1979-இல் நியூயார்க் மாநிலம் அதற்குச் சட்டம் இயற்றியது. 1980-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. தேர்வின் கொடுமையை அன்றாடம் அனுபவித்தவர்களே அதை ஆராய்ந்ததால் விளைந்த பயன் இது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்தக் கட்டணத்தை எதிர்த்துச் சில மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். எனக்கு உடன்பாடில்லாத கொள்கைக்கு என்னிடம் ஏன் பணம் பிடிக்கிறாய் என்பது அவர்கள் கேள்வி. 1985-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பின்னர் திருப்பித் தருகிறோம் என்று சொல்வதும் போதாது என்றது. நல்ல காரியம் என்பதற்காகப் பிறர் சட்டைப் பையில் கை வைக்க முடியாது என்ற பாடம் நமக்கும் வேண்டியதே.

அண்மைக் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 நவம்பரில் நடந்த அமெரிக்கத் தேர்தலுக்குப் பின், ஸ்டான்ஃபோர்டு, யேல் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ரூஸ்வெல்ட் பெயரால் மாணவர் ஆய்வு அமைப்பைத் தொடங்கினார்கள். தேர்தல் வேலைக்கு மாணவர்களை அழைக்கிறார்கள், சுவரொட்டி ஒட்டச் சொல்கிறார்கள், ஆனால் எங்கள் கருத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை என்ற மனக்குறையில் பிறந்தது அது. பிறகு பல கல்லூரிகளுக்குப் பரவியது. உள்ளூர்ச் சிக்கல்களுக்கு மாணவர்கள் எழுதிய தீர்வுகளைத் தொகுத்து வெளியிட்டும் வந்தது.

சுவரொட்டி ஒட்டுவதற்கு மட்டும் மாணவன் வேண்டும் என்ற நிலை நம் நாட்டிற்குப் புதியதா என்ன?

ஆனால் இத்தகைய மன்றங்களில் ஓர் ஆபத்து இருப்பதாக எனக்குப் படுகிறது. வசதி மிக்க பல்கலைக்கழகத்தின் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, பார்த்தறியாத மக்களுக்கு என்ன வேண்டும் என்று இளைஞர்கள் முடிவு செய்துவிடக்கூடும். நிபுணரைப் போல எழுதுவது எளிது. நிபுணர் அறியாத ஒன்றை அறிந்து எழுதுவதே அரிது. அந்த அரிய வாய்ப்பு நம்மைப் போன்ற கல்லூரிக்காரர்களுக்கு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு நம் மாநிலத்தின் பழைய செய்தி ஒன்றுக்கு வர வேண்டும்.

நம் மண்ணில் 1916

மாணவர் ஆய்வு என்பது கடல் கடந்து வந்த புதுமை என்று எண்ணியிருந்தேன். அது தவறு. அமெரிக்க இளைஞர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள்.

1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கென நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் விளங்காது என்று கண்ட அவர், 1916-இல் தம் மாணவர்களின் கையில் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் தங்கள் ஊர்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன உண்கிறார்கள் என்றெல்லாம் மாணவர்கள் கேட்டு எழுதி வந்தார்கள். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, திருவண்ணாமலை மாவட்டத்துத் தூசி, விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. 1918-இல் அது தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தது.

அந்த நூலின் பெருமை அதோடு முடியவில்லை. 1936-37-இல் அதே பல்கலைக்கழகத்தார் அதே ஊர்களுக்குச் சென்று மறுபடியும் கணக்கெடுத்தார்கள். பிறகு வெவ்வேறு காலங்களில் வேறு ஆய்வாளர்களும் சென்றார்கள். இருவேல்பட்டு என்ற ஓர் ஊரின் மாற்றத்தை 1916 முதல் 2008 வரை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு, இன்று நம்மால் படித்தறிய முடிகிறது. எதனால்? முதலில் போனவர்கள் ஒழுங்காக எழுதி வைத்ததனால். அவர்கள் அந்த ஊர்களில் ஒரு கூட்டம் போட்டு, ஏழைகள் வாழ்க என்று முழங்கிவிட்டு வந்திருந்தால் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இதில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. 1916-இல் பல்கலைக்கழகப் படி ஏறியவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பெரும்பாலோர் நிலமும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கேட்டார்கள், வரப்போரம் நின்ற கூலியாள் பதில் சொன்னார். கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்கப்பட்ட அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான் என் கொள்ளுப்பாட்டனாரும். என் தந்தையார் காலம் வரை எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்கும் பக்கத்தில் நின்றதில்லை. படிவம் என்றாலே எங்கள் வீட்டில் இன்றும் ஒரு பயம் உண்டு. எந்த இடத்தில் கைந்நாட்டு வைப்பது என்று மட்டும்தான் கேட்பார்கள்.

நண்பர்களே, நம் வகுப்புகளில் என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பதில் சொன்னவர்களின் வழிவந்த நாம் இன்று கேள்வி கேட்கும் இடத்திற்கு வந்திருக்கிறோம். ஒரு திட்டம் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது அதன் கீழே நின்று நனைந்தவனுக்குத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு மாணவனுக்கு இல்லாத தகுதி நமக்கு உண்டு. அதை நாம் பயன்படுத்துவதில்லை.

நாற்பது பக்க நோட்டு

இவற்றையெல்லாம் படித்த பின் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறு சோதனை செய்தோம். நாற்பது பக்க நோட்டு நான்கு வாங்கினோம். எங்கள் வழித்தடத்தில் ஆளுக்கொரு நிறுத்தமாக நின்று, 20 வேலை நாள்கள், நான்கு செய்திகளை மட்டும் எழுதினோம்: பேருந்து வந்த நேரம், நின்றதா இல்லையா, காத்திருந்தவர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர்.

எங்கள் எண்ணம் என்ன? பேருந்து நேரத்திற்கு வருவதில்லை என்பது. மனுவில் அப்படித்தான் எழுதியிருந்தோம். சாலையில் உட்கார்ந்தபோதும் அதைத்தான் முழங்கினோம். நோட்டு வேறொன்றைச் சொன்னது. 20 நாளில் 17 நாள் பேருந்து ஏறக்குறைய நேரத்திற்கே வந்திருந்தது! ஆனால் அந்த 17 நாளில் 9 நாள் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போயிருந்தது. எங்களுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே, பள்ளிப் பிள்ளைகளும் நூற்பாலைக்குப் போகிறவர்களும் ஏறிப் படிவரை நிரம்பிவிடுகிறது. சில நிமிடம் பிந்திப் போகிறவனுக்கு நிற்காமல் போன பேருந்தும் வராத பேருந்தும் ஒன்றுதான். நாங்களும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறோம்.

அதாவது, எங்கள் மனுவை அப்படியே ஏற்றுப் பேருந்தைக் கடிகாரம் பிசகாமல் இயக்கியிருந்தாலும் எங்கள் துன்பம் தீர்ந்திராது. நாங்கள் தவறான மருந்தைக் கேட்டுப் போராடியிருக்கிறோம்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் நகரத்திலிருந்து வரும் வேறொரு பேருந்து, எங்கள் நிறுத்தத்திற்கு 3 கிலோமீட்டர் முன்பே திரும்பிப் போகிறது. திரும்பும்போது பாதி இருக்கை காலி.

இதை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பணிமனைக்குச் சென்றோம். மேலாளர் முதலில் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிக்காம போச்சுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. என்னைக்கு நிக்கல? தேதி சொல்லுங்க தம்பி" என்றார்.

"சொல்றோம் சார்" என்று நோட்டைப் பிரித்து வைத்தோம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அந்தப் பேருந்து எங்கள் நிறுத்தம் வரை வந்து திரும்பத் தொடங்கியது. இதை எங்கள் வெற்றி என்று நான் மார்தட்ட மாட்டேன். மேலாளர் நல்ல மனிதர். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். மாலை நேரத்துக் குறை இன்னும் அப்படியே இருக்கிறது. என் நண்பனுக்கு இது ஓராண்டு பிந்தி வந்த பேருந்து. ஆயினும், 60 கையெழுத்து செய்யாததை ஒரு நோட்டு செய்தது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

சொல்லப்படும் தடைகள்

படிக்கிற வயதில் படிப்பை மட்டும் பார் என்பார்கள் சிலர். அவர்கள் அக்கறையோடு சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் புள்ளியியல் வகுப்பில் சராசரி, இடைநிலை அளவு, மாதிரி எடுத்தல் என்று படித்ததன் பொருள் அந்த நிறுத்தத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இதுவும் படிப்புத்தானே?

அரசியல் புகுந்துவிடும் என்பார்கள் வேறு சிலர். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு சான்று தேடினால்தான் கட்சிக்காரன் நுழைவான். எங்கள் நோட்டு முதலில் எங்கள் கட்சியைத்தான் தோற்கடித்தது. தன் கருத்துக்கு மாறாக வந்த முடிவையும் வெளியிடுவேன் என்று உறுதி கொண்ட மன்றத்தில் எந்தக் கட்சிக்கும் நெடுநாள் வேலை இராது.

மூன்று ஆண்டில் போய்விடும் மாணவர்கள் என்ன சாதிப்பார்கள் என்பது மூன்றாவது தடை. அமெரிக்க மாணவர்கள் சம்பளத்திற்கு ஆள் வைத்தார்கள். நம்மால் முடியாது. ஆனால் 1916-இன் மாணவர்களும் போய்விட்டவர்கள்தாம், எழுதியது நின்றது. நாம் போய்விடுவோம், நோட்டு நூலகத்தில் இருக்கும்.

மன்றம் எப்படி இருக்கலாம்?

என் எளிய கருத்துகளை நம் முதல்வர் அவர்கள் முன்னும், பேராசிரியப் பெருமக்கள் முன்னும் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, ஒரு பருவத்திற்கு ஒரே ஒரு கேள்வி. நாட்டின் வறுமையை ஒழிப்பது எப்படி என்பது நம் கைக்கு அடங்காது. கல்வி உதவித்தொகை விண்ணப்பித்த நாளிலிருந்து வங்கிக் கணக்கில் வந்து சேர எத்தனை நாள் ஆகிறது, எந்த மேசையில் நிற்கிறது என்பது அடங்கும். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை நம் தோழியர் எதற்குச் செலவிட்டார்கள் என்று கேட்டு எழுதுவதும் அடங்கும். விடுதி மாணவர் ஒருநாளில் என்ன உண்கிறார் என்று ஒரு மாதம் குறித்து வைக்கலாம்.

இரண்டாவது, எடுத்த கணக்கைப் புள்ளியியல் தெரிந்த ஆசிரியர் ஒருவர் சரிபார்க்காமல் வெளியிடக் கூடாது. பதில் சொன்னவர் பெயரை எந்த நிலையிலும் வெளியிடக் கூடாது. நம்பிச் சொன்னவரை நாம் காட்டிக்கொடுக்கலாகாது.

மூன்றாவது, எவரிடமும் கட்டாயப் பணம் பெறக் கூடாது. வெளியார் பணமும் வேண்டாம். எங்களுக்கு ஆன செலவு நான்கு நோட்டும் நான்கு பேனாவும்தான். அலுவலகங்களிடமிருந்து தகவல் வேண்டுமானால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997-இல், இத்தகைய சட்டத்தை இயற்றிய மாநிலம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் குடிமகன் எவரும் கேட்கலாம். இருபது வயதில் ஓட்டுப் போடும் நமக்கு இந்தப் பத்து ரூபாயின் பயனும் தெரிந்திருக்க வேண்டாமா?

நான்காவது, அறிக்கையை முதலில் சம்பந்தப்பட்ட அலுவலரிடம் கொடுத்து, அவர் பக்க விளக்கத்தையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். பணிமனை மேலாளரிடம் நாங்கள் முதலில் குற்றவாளியைக் கண்டோம்; பேசிய பின்தான் அவரிடம் இருந்த பேருந்துகள் எத்தனை, ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தது. குறை இருக்கும் இடமெல்லாம் கெட்ட மனிதன் இருக்கிறான் என்பதில்லை.

இவ்வளவுதான். இதற்குத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. திறப்பு விழாவும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள், வகுப்பு முடிந்த பின் ஒரு மணி நேரம், ஓர் அறையின் திறவுகோல் போதும்.

முழக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழங்க வேண்டிய இடங்கள் நாட்டில் இருக்கின்றன. ஆனால் முழங்குவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு முழங்குவோம். இல்லையேல் நேரத்திற்கு வந்த பேருந்தை நேரத்திற்கு வா என்று கேட்டு நிற்கும் கூட்டமாகவே நாம் இருந்துவிடுவோம். அதற்குள் இன்னொருவன் வகுப்பை விட்டுப் போயிருப்பான்.

அடுத்த ஆண்டு மலரில் இந்தப் பக்கங்களில் என் கட்டுரை வேண்டாம். நம் மன்றத்தின் முதல் அறிக்கை வரட்டும்.